நாலு நாள் கல்யாணம், ஒன்றரை நாள் கல்யாணம்

ஆவணி பிறந்துவிட்டது. மண்டபத்துக்குத் தேதி கேட்டால் கிடைப்பதில்லை. நாதஸ்வரக்காரர் ஒரே நாளில் இரண்டு ஊருக்கு ஒப்புக்கொண்டுவிட்டுத் தவிக்கிறார். இந்த இதழுக்கு வந்த வாசகர் கேள்விகளும் கல்யாண வீட்டு வாசத்தோடுதான் வந்திருக்கின்றன.

எங்கள் பாட்டியின் கல்யாணம் நாலு நாள் நடந்ததாம். என் கல்யாணம் ஒன்றரை நாளில் முடிந்துவிட்டது. மிச்சம் இரண்டரை நாள் எங்கே போயிற்று?
*வாசகி, கும்பகோணம்*

பாதி மண்டப வாடகையில் போயிற்று, பாதி ஆபீஸ் லீவில் போயிற்று.

பாட்டி காலத்தில் கல்யாணம் நடந்தது வீட்டில். தெருவை அடைத்துக் கீற்றுப் பந்தல், எதிர் வீடு மாப்பிள்ளை வீட்டாருக்கு ஜாகை, கொல்லையில் கோட்டை அடுப்பு. வந்த உறவினர் மாட்டுவண்டியில் வந்தவர்கள். மறுநாளே கிளம்பச் சொல்ல முடியாது. நலங்கு, ஊஞ்சல், பாலிகை தெளித்தல் என்று ஒவ்வொரு வேளைக்கும் ஒரு வேலை இருந்தது. அந்த விளையாட்டுகளுக்குக் காரணமும் இருந்தது. பெண்ணும் பிள்ளையும் பெரும்பாலும் சிறுவர்கள், ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்திராதவர்கள். தேங்காய் உருட்டுவதும், தலைக்கு மேல் அப்பளம் நொறுக்குவதும் அவர்களின் கூச்சத்தைப் போக்கத்தான். நிச்சயமானதிலிருந்து ஆறு மாதம் செல்போனில் பேசித் தீர்த்த ஜோடிக்கு அப்பளம் நொறுக்க எவ்வளவு நேரம் வேண்டும்? பத்து நிமிஷத்தில் முடிந்துவிடுகிறது.

பிறகு மண்டபம் வந்தது. முதல் நாள் மதியம் சாவி வாங்கினால் மறுநாள் மதியம் ஒப்படைக்க வேண்டும். அந்தச் சாவிதான் இன்றைய கல்யாணத்தின் நீளத்தை அளக்கிறது. தாலி கட்டிய பிறகு நடந்துவந்த வரவேற்பு, முதல் நாள் மாலைக்கு நகர்ந்ததும் இதனால்தான். 'தாலி ஏறுவதற்கு முன்னாலேயே ஜோடியாக மேடையில் நிற்பதா?' என்று கேட்காத பாட்டி கிடையாது. அந்தக் கேள்வி நியாயமானது. அலுவலகத்திலிருந்து வருகிறவர்களுக்கு மாலை நேரம்தான் தோது என்ற பதிலும் நியாயமானதுதான்.

பழைய கல்யாணத்தை அதன் கோபதாபங்களோடு பார்க்க ஆசையிருந்தால் எழுத்தாளர் சாவி 1963-இல் ஆனந்த விகடனில் தொடராக எழுதிய 'வாஷிங்டனில் திருமணம்' கிடைக்கும். அமெரிக்காவில் ஒரு தஞ்சாவூர்க் கல்யாணத்தை நடத்திக் காட்டிய நகைச்சுவைக் கதை அது. நம்மூரில் ஒவ்வொன்றாகக் கழன்றுபோன சடங்குகள் அதில் முழுசாக இருக்கின்றன.

கல்யாணத்தில் பிரியாணி போடுவது தமிழ்ப் பண்பாடு இல்லை என்று என் மாமா சண்டை போடுகிறார். என்ன சொல்லி அவரை உட்காரவைப்பது?
*வாசகர், திண்டுக்கல்*

அகநானூற்றின் 136-ஆம் பாட்டை எடுத்துக் கையில் கொடுங்கள். விற்றூற்று மூதெயினனார் பாடியது. அதில் வரும் கல்யாண விருந்தே இறைச்சி சேர்ந்த நெய்ச்சோறுதான். மாமா சைவம் என்றால் அதே தொகுப்பின் 86-ஆம் பாட்டைக் காட்டலாம். நல்லாவூர் கிழார் காட்டும் வீட்டில் உளுந்து சேர்த்துக் குழைய வெந்த பொங்கல். இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்பே இரண்டு பந்தியும் இருந்திருக்கின்றன.

அந்த இரண்டு பாட்டிலும் வேறொன்றும் கவனிக்க வேண்டியது. மணல் பரப்பிய பந்தல், விளக்கு, மாலை, ரோகிணி கூடிய நல்ல வேளை எல்லாம் உண்டு. 86-ஆம் பாட்டில் பிள்ளை பெற்ற நான்கு பெண்கள் பூவும் நெல்லும் மிதக்கும் நீரை மணமகள் தலையில் வார்த்து வாழ்த்துகிறார்கள். புரோகிதர் இல்லை, ஓமத்தீ இல்லை. தீவலம் சிலப்பதிகாரத்தில் வருகிறது. அங்கே கண்ணகிக்குப் பன்னிரண்டு வயது, கோவலனுக்குப் பதினாறு. யானை மேல் பெண்களை ஏற்றிப் புகார் நகரம் முழுக்கக் கல்யாணச் செய்தி சொல்கிறார்கள். ஆண்டாள் கண்ட கனவுக் கல்யாணத்தில் அம்மி மிதிப்பதும் பொரியிடுவதும் இருக்கின்றன. தாலி கட்டியதாக ஒரு சொல்லும் இல்லை. 'காலங்காலமாக இப்படித்தான்' என்று எந்த வீட்டில் யார் சொன்னாலும், 'எந்தக் காலம்?' என்று ஒருமுறை மரியாதையாகக் கேட்டுப் பார்க்கலாம்.

காசி யாத்திரை கிளம்பும் மாப்பிள்ளை யாராவது நிஜமாகவே காசிக்குப் போயிருக்கிறாரா?
*வாசகர், திருச்சி*

குடை, விசிறி, கைத்தடியோடு கிளம்புகிறவர் வாசலைத் தாண்டுவதற்குள் பெண்ணின் தகப்பனார் வழிமறித்துப் பெண் தருவதாகச் சொல்லிவிடுகிறார். காசிக்குப் போகிறவர் திரும்பிப் பார்க்க மாட்டார். இவர் மாமனார் வருகிறாரா என்று திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டுதான் நடக்கிறார்.

ஐயர் இல்லை, மந்திரம் இல்லை, மாலை மட்டும் மாற்றிக்கொண்டோம். அக்கம்பக்கத்தில் 'இது செல்லுமா?' என்று கேட்கிறார்கள்.
*வாசகி, விருதுநகர்*

உங்கள் மாவட்டத்திலிருந்தே இந்தக் கேள்வி வந்திருப்பது பொருத்தம். பெரியார் தலைமையில் முதல் சுயமரியாதைத் திருமணம் 1928-இல் அருப்புக்கோட்டைக்குப் பக்கத்தில் சுக்கிலநத்தம் கிராமத்தில்தான் நடந்தது.

அதற்குப் பிறகு ஊர் ஊராக இப்படிப் பல திருமணங்கள் நடந்தன. ஆனால் 1953-இல் சென்னை உயர் நீதிமன்றம், இந்துச் சட்டப்படி இவை செல்லாது என்று தீர்ப்பளித்தது. சடங்கைத் துணிந்து விட்டவர்களின் பிள்ளைகளுக்குச் சொத்தில் சிக்கல் வந்தது. 1967-இல் அண்ணா முதல்வரானதும் இந்துத் திருமணச் சட்டத்தில் 7-ஏ என்ற பிரிவு தமிழ்நாட்டுக்காகச் சேர்க்கப்பட்டது. 1968 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. உறவினர், நண்பர் முன்னிலையில் இருவருக்கும் புரிகிற மொழியில் ஒருவரையொருவர் ஏற்பதாகச் சொல்லலாம், மாலை மாற்றலாம், மோதிரம் போடலாம், தாலி கட்டலாம். எது ஒன்று நடந்தாலும் திருமணம் செல்லும். அதற்கு முன்பு நடந்த சுயமரியாதைத் திருமணங்களையும் அந்தச் சட்டம் செல்லும் என்று ஏற்றது. பேரன் பேத்தி எடுத்த பிறகு சட்டத்தின் ஒப்புதல் பெற்ற தம்பதிகள் தமிழ்நாட்டில் இருந்தார்கள் என்பது பெருமைக்குரிய வரலாறு.

2023-இல் உச்ச நீதிமன்றம் இன்னும் ஒரு படி போயிற்று. இந்தத் திருமணத்துக்கு ஊரறிந்த அறிவிப்போ கூட்டமோ கட்டாயம் இல்லை என்றது. வீட்டுக்குப் பயந்து மணம் முடிக்கும் ஜோடிகளுக்கு அது பெரிய பாதுகாப்பு.

ஒரு வேலை மட்டும் பாக்கி வைக்காதீர்கள். 2009-ஆம் வருஷத்துச் சட்டப்படி தமிழ்நாட்டில் எந்த மதத்து, எந்த முறைத் திருமணமானாலும் 90 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும். இதில் நகரத்தார் முன்னோடிகள். 'இசைகுடிமானம்' என்று இரு வீட்டுச் சம்மதத்தையும் எழுத்தில் வைக்கும் வழக்கம், பதிவு அலுவலகங்கள் கேட்பதற்கு முன்பே அவர்களிடம் இருந்தது.

பொன்னுருக்கு என்று இலங்கைத் தோழி சொல்கிறாள். அது என்ன?
*வாசகி, நாகப்பட்டினம்*

தாலிக்கான பொன்னை நல்ல நாள் பார்த்து ஆசாரியைக் கொண்டு உருக்கும் சடங்கு. கல்யாணத்துக்கு முன்பே நடக்கும். கனடாவுக்கும் லண்டனுக்கும் போன யாழ்ப்பாணக் குடும்பங்கள் இதைக் கைவிடாமல் வைத்திருக்கின்றன. கடையில் பெட்டியோடு தாலி வாங்கியே பழகிய நமக்கு, நம் வீட்டுப் பொன் கண் முன்னால் உருகுவதைப் பார்ப்பது புதுசாக இருக்கும்.

அம்மாவின் முகூர்த்தப் பட்டு அரக்கு. எனக்கு எல்லாரும் வெளிர் ரோஸ் எடுக்கச் சொல்கிறார்கள். எது சரி?
*வாசகி, காஞ்சிபுரம்*

அரக்கு, மாம்பழ மஞ்சள், கிளிப்பச்சை, மயில்கழுத்து எல்லாம் கண்ணால் பார்க்கிற கூட்டத்துக்கு நெய்த நிறங்கள். வெளிர் நிறங்கள் கேமராவுக்குப் பிடித்தவை. இரண்டும் சரிதான். நிறத்தைப் பற்றிக் கவலைப்படுவதைவிடச் சேலையைத் திருப்பிப் பாருங்கள்.

கோர்வைச் சேலை என்றால் உடலும் கரையும் வேறு வேறு ஊடையில் நெய்யப்பட்டு, ஒவ்வொரு இழையிலும் ஒன்றோடொன்று கோக்கப்பட்டிருக்கும். அதற்குத் தறியில் இரண்டு பேர் வேண்டும்: ஒருவர் நெசவாளர், கரைப்பக்கத்து நாடாவைக் கொடுத்து வாங்க இன்னொருவர். அந்த இன்னொருவர் பல வீடுகளில் மனைவியோ மகளோதான். முந்தானை வேறு நிறமென்றால் பாவு இழைகளை ஒவ்வொன்றாக மாட்டிச் சேர்க்கும் 'பேட்னி' வேலையும் உண்டு. அந்த இடத்தில் விரலால் தடவினால் மெல்லிய மேடு தட்டுப்படும். காஞ்சிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு 2005-இல் கிடைத்தது. ஆனாலும் விசைத்தறிச் சேலை அதே பெயரில் விற்கிறது. நீங்கள் காஞ்சிபுரத்திலேயே இருக்கிறீர்கள். கடைக்குப் போகும் முன் ஒரு தறிவீட்டுக்குப் போய்ப் பாருங்கள்.

அந்தக் காலத்தில் மாப்பிள்ளைதான் பணம் கொடுத்தாராமே? அது எப்படித் தலைகீழானது?
*வாசகர், சேலம்*

உண்மைதான். பரிசம் என்பது மாப்பிள்ளை வீடு பெண் வீட்டுக்குக் கொடுப்பது. தமிழ்நாட்டின் பெரும்பாலான உழைக்கும் சாதிகளில் அதுதான் வழக்கம். வயலில் இறங்கி வேலை செய்யும் ஒரு பெண் இன்னொரு வீட்டுக்குப் போகிறாள் என்றால் அந்த உழைப்புக்கு மதிப்பு உண்டென்று அன்றைக்குத் தெரிந்திருந்தது. பையன்கள் படித்து மாதச் சம்பளத்துக்குப் போக ஆரம்பித்ததும், சம்பளக்கார மாப்பிள்ளைக்குப் போட்டி வந்தது. போட்டியில் விலை ஏறியது. பரிசப் பணம் பெயரளவில் சுருங்கி, வரதட்சிணை எதிர்த்திசையில் நடந்து வந்தது. 1961-இல் வரதட்சிணைத் தடைச் சட்டம் வந்த பிறகு அது 'பெண்ணுக்கு நீங்கள் பார்த்துச் செய்வது' என்று பெயரை மாற்றிக்கொண்டது. இந்த ஒரு மாற்றம் மட்டும் நடக்காமல் இருந்திருக்கலாம்.

ஆனால் இன்னொரு கணக்கும் உண்டு. 1989-இல் தமிழக அரசு மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் பெயரில் ஏழைப் பெண்களின் திருமணத்துக்கு 5,000 ரூபாய் கொடுக்க ஆரம்பித்தது. 2011-இல் தாலிக்கு 4 கிராம் தங்கம் சேர்ந்தது, 2016-இல் அது 8 கிராம் ஆனது. 2022-இல் அந்தத் திட்டமே 'புதுமைப் பெண்' என்று மாறி, அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகும் பெண்ணுக்கு மாதம் 1,000 ரூபாயாகக் கையில் வருகிறது. தாலிக்குப் போன பணம் பட்டத்துக்குப் போகிறது. இதைவிட நல்ல சீர்வரிசை எதுவும் இல்லை.

மொய் வைப்பதற்கு கூகுள் பே வந்துவிட்டதே, மரியாதையா?
*வாசகர், பேராவூரணி*

பேராவூரணிக்காரர் மொய்யைப் பற்றிக் கேட்பது, கடற்கரைக்காரர் உப்பைப் பற்றிக் கேட்பது மாதிரி. உங்கள் வட்டாரத்திலும் கீரமங்கலம், வடகாடு பக்கத்திலும் ஆடி மாதம் கல்யாணமே இல்லாமல் மொய்க்காகவே கறி விருந்து நடக்கிறது. 1992-இல் வந்த 'சின்ன கவுண்டர்' படத்தின் மொய் விருந்துக் காட்சியை மறந்தவர் யார்?

மொய் நன்கொடை அல்ல. வங்கி எட்டிப் பார்க்காத ஊரில் வட்டியில்லாமல் முதல் திரட்டும் வழி அது. அதனால்தான் நோட்டில் ஊர் பெயர், தகப்பனார் பெயர், பிறகு ஆள் பெயர், தொகை என்று நாலும் தவறாமல் ஏறும். வாங்கியவர் திருப்பிச் செய்யும்போது கூட்டிச் செய்ய வேண்டும். 2021 ஜனவரியில் மதுரையில் ஒரு குடும்பம் பத்திரிகையிலேயே கியூஆர் கோடு அச்சிட்டது நாடெங்கும் செய்தியானது. கொரோனா காலத்தில் வர முடியாதவர்களுக்கு அது உதவி. மரியாதைக்கு அதில் குறைவில்லை. ஆனால் அந்த மேஜையில் உட்கார்ந்து, வருகிறவரை முறை சொல்லிக் கூப்பிட்டு, 'சாப்பிட்டீங்களா மாமா?' என்று கேட்டபடி எழுதுகிற பெரியப்பாவின் வேலையைச் செல்போன் செய்யாது. நோட்டையும் வையுங்கள், கோடையும் ஒட்டுங்கள்.

கல்யாணத்துக்குத் தெருமுனையில் பேனர் வைக்கலாமா? நண்பர்கள் ஆசைப்படுகிறார்கள்.
*வாசகர், ஓசூர்*

வேண்டாம். 2019 செப்டம்பர் 12 அன்று சென்னை பள்ளிக்கரணையில் ஒரு கல்யாண பேனர் சரிந்து, ஸ்கூட்டரில் போன இளம்பெண் லாரியில் சிக்கி இறந்தார். வயது 23. உங்கள் நண்பர்களிடம் இதைச் சொல்லுங்கள். அந்தப் பணத்தில் பந்தியில் கூடுதலாக ஓர் இனிப்பு வைக்கச் சொல்லுங்கள்.

அப்பா அம்மா கல்யாண வீடியோ கேசட் பீரோவில் கிடக்கிறது. போட்டுப் பார்க்க முடியுமா?
*வாசகி, கோயம்புத்தூர்*

சீக்கிரம் செய்ய வேண்டிய வேலை. விசிஆர் கருவியைக் கடைசியாகச் செய்துவந்த ஜப்பான் நிறுவனம் 2016 ஜூலையோடு நிறுத்திவிட்டது. கேசட்டின் சின்ன ஜன்னல் வழியாகப் பாருங்கள். நாடாவின் ஓரத்தில் வெள்ளைப் பொடி தெரிந்தால் பூஞ்சை. அப்படியே கருவியில் போட்டால் நாடா அறுந்துவிடும். முதலில் சுத்தம் செய்து, பிறகு மாற்றித் தருகிறவர்களிடம் கொடுங்கள்.

அதே பீரோவில் தாத்தா பாட்டியின் ஆல்பமும் இருக்கும்: கறுப்பு அட்டை, நடுவில் வழவழப்பான மெல்லிய தாள், நாலு மூலையிலும் ஒட்டிய முக்கோணக் காகிதம். நாற்காலியில் விறைத்து உட்கார்ந்த இருவரும் சிரிக்காமல் இருப்பார்கள். சுற்றி நிற்கும் முப்பது பேரில் பாதிப் பேரை அப்பாவுக்கே தெரியாது. பாட்டிக்குத் தெரியும். இந்த ஞாயிற்றுக்கிழமை ஆல்பத்தை எடுத்துக்கொண்டு போய் அவர் பக்கத்தில் உட்காருங்கள். ஒரு பென்சிலால் ஒவ்வொரு படத்தின் பின்னாலும் பெயர்களை எழுதி வாங்குங்கள். பேனா வேண்டாம், மை ஊறிவிடும்.