தனியார் பேருந்தில் தனிமனித சுதந்திரம்: திரைப்பாட்டை முன்வைத்து ஓர் ஆய்வு

1. நோக்கம்

திரைப்பாட்டுப் பித்தும் சுதந்திரவாதச் சித்தாந்தமும் ஒரே ஆளுக்குள் சண்டையின்றிக் குடித்தனம் நடத்த முடியுமா என்பதே இவ்வாய்வின் வினா. ஆய்வுக்குட்பட்டவர் ஒருவரே, ஆய்வாளரும் அவரே. ஆகவே தரவு திரட்டுவதில் ஒத்துழைப்புக்குக் குறைவில்லை. களம், கோவை உக்கடத்திலிருந்து பொள்ளாச்சி செல்லும் தனியார் பேருந்து. சன்னலோர இருக்கை கிடைத்தபோது எடுத்த குறிப்புகள் மட்டுமே ஏற்கப்பட்டன. கம்பியைப் பிடித்து நிற்பவருக்குத் தத்துவம் வராது.

2. வரையறை

சுதந்திரவாதி என்பார், தன் உடலும் உழைப்பும் தனக்கே சொந்தம், யாரும் யாரையும் வற்புறுத்தலாகாது, அரசு ஓரமாக நிற்பதே நலம் எனக் கொள்பவர். திரைப்பாட்டுப் பித்தர் என்பார், முன்னிசை தொடங்கியதுமே பாட்டைக் கண்டுபிடித்து, படம், ஆண்டு, இசையமைப்பாளர் மூன்றையும் பக்கத்து இருக்கைக்காரருக்கு அவர் கேளாமலே அறிவிப்பவர். வற்புறுத்தல் இங்கேயே தொடங்கிவிடுவதைக் குறித்துக்கொள்க.

3. வரலாற்றுச் சான்று

1952இல் தகவல் ஒலிபரப்புத் துறை பி.வி.கேஸ்கரிடம் வந்தது. திரைப்பாட்டு ரசனையைக் கெடுக்கிறது, சாஸ்திரிய இசையே நாட்டை உயர்த்தும் என்பது அவர் கட்சி. ஆகாசவாணியில் திரைப்பாட்டின் நேரம் சுருங்கியது. தயாரிப்பாளர்களோடு உரிமத் தகராறும் சேரவே பாட்டு அநேகமாகக் காணாமலே போயிற்று. நேயர்கள் ரேடியோவின் முள்ளைத் திருப்பினார்கள். சிற்றலையில் இலங்கை வானொலி கிடைத்தது. இந்திப் பாட்டுக்கு அமீன் சயானி, தமிழ்ப் பாட்டுக்கு மயில்வாகனன் என்று கொழும்பிலிருந்து வந்த குரல்கள் நம் வீடுகளில் உறவினர் ஆயின. ஐந்தாண்டு பொறுத்துப் பார்த்த டெல்லி, 1957இல் திரைப்பாட்டுக்கு இடம் தரும் விவித் பாரதியைத் தொடங்கியது.

மக்களிடம் சிதறிக் கிடக்கும் அறிவை ஒரு மேசையில் குவிக்க இயலாது என்று பொருளியலாளர் ஹயெக் 1945இல் எழுதிய கட்டுரைக்கு இதைவிட நல்ல உரை கிடையாது. கோடம்பாக்கத்துப் பாட்டில் யாருக்கு என்ன பிடிக்கும் என்பதை டெல்லியில் உட்கார்ந்து எப்படி அறிவது?

அற்றேல், இது சந்தையின் வெற்றிதானே எனின், அன்று. இலங்கை வானொலியும் அரசு வானொலியே. ஓர் அரசு சாத்திய கதவை இன்னோர் அரசு திறந்தது. சுதந்திரவாதிகள் இந்தக் கதையைச் சொல்லும்போது இவ்விடத்தில் இருமிவிட்டுக் கடந்துபோவது வழக்கம்.

4. களச்சோதனை

கண்ணுக்கு இமை உண்டு, காதுக்கு இல்லை. சுதந்திரவாதம் முழுவதும் தடுக்கி விழும் இடம் இதுவே. ஒவ்வொருவர் உடலும் அவரவர் உடைமை என்றார் தத்துவ அறிஞர் ஜான் லாக். உடல் உடைமையாயின் காதும் உடைமை; அனுமதியின்றி அதற்குள் நுழையும் பாட்டு அத்துமீறல். ஆயினும் நுழைவது இளையராஜாவாக இருந்தால் ஆய்வாளர் அதை விருந்தினர் வருகை என்று பதிவு செய்திருக்கிறார். இச்சார்பு ஆய்வின் குறைபாடுகளுள் ஒன்று.

பேருந்தில் பாட்டைத் தேர்பவர் வண்டியின் முதலாளியும் அல்லர், காசு கொடுத்த பயணியும் அல்லர், ஓட்டுநர். பென் டிரைவ் அவருடையது. உரிமை யாருக்கு என்பது தெளிவாக இருந்து, பேரம் பேசச் செலவும் இல்லாவிட்டால், சம்பந்தப்பட்டவர்கள் தாமே பேசி நல்ல முடிவுக்கு வருவார்கள் என்பது பொருளியலாளர் ரொனால்டு கோஸின் 1960ஆம் ஆண்டுக் கட்டுரையிலிருந்து பிறந்த தேற்றம். அப்படிச் செலவில்லாத உலகம் கிடையாது என்பதும் அவர் சொன்னதே. இருக்கையில் இருப்போரும் படியில் தொங்குவோரும் நடத்துநரை வைத்துப் பேரம் முடிப்பதற்குள் கிணத்துக்கடவு தாண்டிவிடும்.

பிடிக்காவிட்டால் அடுத்த வண்டியில் ஏறு என்பது சித்தாந்திகளின் மறுமொழி. அடுத்த வண்டியிலும் அதே எண்பதுகளின் பாட்டுத்தான். வண்டிகள் வேறு, முதலாளிகள் வேறு. ஓட்டுநர்கள் மட்டும் ஒரே வயது.

5. தடையும் விடையும்

தடை ஒன்று: இயர்போன் மாட்டினால் சிக்கல் தீருமே. தீரும். ஆனால் அதில் ஒலிப்பது முன்பே பிடித்த பாட்டு மட்டும். ஆய்வாளருக்கு உயிரான பாட்டுகள் எவை என்று பட்டியலிட்டதில், ஒன்றுகூட அவர் தேடிப்போய்க் கேட்டதில்லை. டீக்கடை, கல்யாண வீட்டுக் குழாய் ஒலிபெருக்கி, மாரியம்மன் நோன்பு, எதிர்வீட்டு டேப்ரெக்கார்டர் எல்லாம் அவர் சம்மதமின்றி ஊட்டியவையே. தன் ரசனை தன் தனிச்சொத்து என்று வாதாடுபவர், அதன் மூலப்பத்திரத்தைக் காட்ட முடியாமல் விழிக்கிறார்.

தடை இரண்டு: பாட்டு இயற்றியவர் உரிமை? 2012இன் பதிப்புரிமைத் திருத்தம், இசையமைப்பாளரும் பாடலாசிரியரும் திரையரங்குக்கு வெளியே தமக்கு வரவேண்டிய ராயல்டியின் பங்கை முழுக்க எழுதிக் கொடுத்துவிடத் தடை போட்டது. ஒப்பந்த சுதந்திரம் போயிற்றே என்று சித்தாந்தி பதறுகிறார். பாட்டு எழுதியவர் வீட்டில் உலை கொதிக்கட்டுமே என்று பித்தர் மகிழ்கிறார். இருவரும் ஒரே சட்டைக்குள் இருப்பதால் வழக்கு நிலுவையில் உள்ளது.

தடை மூன்று: சந்தையை நம்பினால் சினிமாவையும் ரசிக்க வேண்டுமோ? வேண்டா. 1959இல் சுதந்திராக் கட்சியைத் தொடங்கி, பெர்மிட்-லைசென்ஸ்-கோட்டா ராஜ்யத்தைச் சாடிய ராஜாஜிக்குச் சினிமா பிடிக்காது. அவர் நம்பிய சந்தையில் அமோகமாக விற்ற சரக்கே சினிமாதான்.

6. முடிபு

பிடித்த பாட்டு ஓடும்போது எல்லாரும் சுதந்திரவாதிகளே. பிடிக்காத பாட்டு வந்ததும் எல்லார் மனத்திலும் ஒரு கேஸ்கர் எழுந்து உட்காருகிறார். “அண்ணா, பாட்ட மாத்துங்கண்ணா” என்ற சொல் நாக்கு நுனிவரை வந்தும், அதை விழுங்கிக்கொண்டு பொள்ளாச்சி வரை போகிறவர் எவரோ அவரே உண்மைச் சுதந்திரவாதி. அத்தகைய ஒருவரையும் இவ்வாய்வு கண்டதில்லை, ஆய்வாளரும் விதிவிலக்கல்லர்.