பஞ்சருக்குக் காத்திருப்பவர்

ஞாயிற்றுக்கிழமை விடிவதற்கு முன்னால் கிழக்குக் கடற்கரைச் சாலையில் போய் நின்றால், திருவான்மியூர்ப் பக்கமிருந்து சைக்கிள்கள் கூட்டம் கூட்டமாக வருவதைப் பார்க்கலாம். ஹெல்மெட், மினுக்குகிற சிவப்பு லைட், உடம்போடு ஒட்டிய சட்டை என்று எல்லாரும் ஒரே மாதிரி இருப்பார்கள். இந்தக் கூட்டத்தில் நம்மவரைக் கண்டுபிடிக்க முகத்தைப் பார்த்துப் பிரயோஜனமில்லை. சீட்டுக்கு அடியில் பார்க்க வேண்டும். மற்றவர்களுக்கு அங்கே உள்ளங்கை அகலத்தில் ஒரு பை தொங்கும். நம்மவருடைய பை பின்சக்கரத்தில் உரசும். உரசாமலிருக்க அதைத் தூக்கிப் பிடிக்கும் கம்பி ஒன்று வாங்கி மாட்டியிருக்கிறார். அந்தக் கம்பி லூஸானால் முடுக்க ஒரு சாவி வேண்டும். அந்தச் சாவியும் பைக்குள்தான் இருக்கிறது.

மாமல்லபுரம் வரை மிதிப்பது, வியர்ப்பது, திரும்பும்போது பொங்கல் வடை சாப்பிடுவது, இதெல்லாம் மற்றவர்களின் நோக்கம். நம்மவருக்கு வேண்டியது ஒன்றுதான். யாருக்காவது பஞ்சராக வேண்டும்.

காற்று இறங்கும் சத்தம் அவர் காதில்தான் முதலில் விழும். சைக்கிள்காரனுக்கே இன்னும் தெரிந்திருக்காது. அதற்குள் இவர் கையைத் தூக்கி, "எல்லாரும் ஓரம் கட்டுங்க, ஓரம் கட்டுங்க" என்று கூட்டத்தையே நிறுத்திவிடுவார். இறங்கியதும் கையுறையைக் கழற்றி வேறு கையுறை மாட்டிக்கொள்வார். முதலாவது ஓட்டுவதற்கு, இரண்டாவது இதற்கு.

டியூபை உருவி எடுத்த பிறகு அவர் ஓட்டையைப் பார்க்கிற பார்வை, ஜாதகக் கட்டத்தைப் பார்க்கிற பார்வை. ஒற்றை ஓட்டை, கொஞ்சம் பெரிது என்றால் சீமைக் கருவேல முள். ஊசி முனையளவு என்றால் வெடித்த லாரி டயரிலிருந்து சிதறும் மெல்லிய கம்பி. அது டயருக்குள்ளேயே ஒளிந்திருந்து அடுத்த டியூபையும் குத்தும் என்பதால், டயரின் உள்பக்கத்தை விரலால் சுற்றித் தடவிப் பார்த்தே தீர வேண்டும். இது நல்ல அறிவுரை, நானும் கேட்டு நடக்கிறேன். இரண்டு ஓட்டை அக்கம்பக்கமாக இருந்தால் மட்டும் அவர் குரல் மாறும். "காத்து கம்மியா வெச்சுப் பள்ளத்துல விட்டிருக்கீங்க. ரிம் டியூபைக் கடிச்சிருக்கு. முள்ளு குத்தறது விதி சார். இது ஒழுக்கம்." பஞ்சரானவர் பெரும்பாலும் பதில் சொல்வதில்லை.

லீவர் விஷயத்தில் அவர் கடந்து வந்த பாதை நீளமானது. முதலில் சைக்கிளோடு இலவசமாக வந்த பிளாஸ்டிக் ஜோடி. அதில் ஒன்று நுனி முறிந்தது. அடுத்து இரும்பு. இரும்பு முறியாது, ஆனால் அலுமினிய ரிம்மில் கீறல் போடும், கொஞ்சம் அசந்தால் டியூபையும் கடித்துப் புதிதாக ஒரு பஞ்சர் தரும். ஆக மறுபடி பிளாஸ்டிக், இந்த முறை உயர்ந்த ரகம். பார்க் டூல் நீலம் வந்தது. அது மெலிசு, உள்ளே நுழைவது சுலபம், பிடிக்கத்தான் ஒன்றுமில்லை என்றார். பெட்ரோஸ் மஞ்சள் வந்தது. அது தடிமன், கைக்கு நிறைவு, நுழைப்பதுதான் கஷ்டம் என்றார். கடைசியாக, உள்ளே எஃகு, மேலே நைலான் போர்த்திய ரகம் வந்தது. இரண்டு கட்சிக்கும் சமரசம் என்று அதை ஒரு மாதம் கொண்டாடினார். பிறகு சமையலறைத் தராசில் வைத்துப் பார்த்தார். பிளாஸ்டிக்கைவிடக் கனம். "சுத்தறது நாம, சுமக்கறதும் நாமதானே சார்" என்று வருத்தப்பட்டார். போன தீபாவளிக்கும் இந்தத் தீபாவளிக்கும் இடையில் அவர் இடுப்பைச் சுற்றி ஏறியிருப்பதை அந்தத் தராசில் வைக்க முடியாது.

வீட்டுப் பால்கனியில் மகளின் 16 இஞ்ச் சைக்கிள் காற்றில்லாமல் பொங்கலிலிருந்து நிற்கிறது. "ஊர் பஞ்சரெல்லாம் பாக்கறீங்களே, இத ஒட்டக் கூடாதா?" என்று மனைவி கேட்டால், அவரிடம் நியாயமான பதில் இருக்கிறது. "அது கையாலயே கழண்டு வந்துடும்மா. லீவரே வேண்டாம்." அதாவது, அதில் என்ன இருக்கிறது?

இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. அவருக்குப் பஞ்சரே ஆவதில்லை. பஞ்சருக்குப் பயந்து, முள் துளைக்காதபடி உள்ளே தடித்த பட்டை வைத்த ஜெர்மன் டயர் வாங்கிப் போட்டார். அந்த மாதிரி டயர் சில ரிம்களில் லேசில் ஏறாது, ஏறினால் லேசில் இறங்காது. அதற்கென்று அதிக பலமுள்ள லீவர் வாங்கினார். கடைசி நாலு விரற்கடையை இழுத்து உள்ளே தள்ளுவதற்கென்றே பீட் ஜாக் என்று ஒரு சாமான் இருக்கிறது, அதையும் வாங்கினார். இப்போது எப்பேர்ப்பட்ட டயரையும் கழற்றும் வல்லமை அவரிடம் இருக்கிறது. கழற்ற வேண்டிய அவசியத்தைத்தான் டயர் தர மறுக்கிறது. அவர் அடுத்தவர் சக்கரத்தை அப்படி ஏக்கமாகப் பார்ப்பதற்குக் காரணம் இதுதான்.

கழற்றும்போது ஒரு பிரசங்கமும் உண்டு. அதன் முதல் பாதி உண்மையிலேயே உபயோகமானது. ரிம்மைக் குறுக்காக வெட்டிப் பார்த்தால் நடுவில் ஒரு பள்ளம் தெரியும். ஓரத்தில் உட்கார்ந்திருக்கும் டயரின் விளிம்பை இரண்டு பக்கமும் அமுக்கி அந்தப் பள்ளத்துக்குள் இறக்கிவிட்டால், அங்கே சுற்றளவு குறைவு என்பதால், மிச்சமாகும் தொய்வு எதிர்ப்பக்கம் வந்து சேரும். அந்தத் தொய்வு கிடைத்துவிட்டால் பாதி டயர்கள் கட்டைவிரலுக்கே வழிவிடும். மாட்டும்போதும் அதே கதைதான்: வால்வுக்கு எதிரில் ஆரம்பித்து வால்வில் வந்து முடிக்க வேண்டும். இறுகுகிறது என்று லீவரைப் போட்டு நெம்புகிறவர்களில் பலர், டயரோடு அல்ல, தாங்கள் இறக்காமல் விட்ட அந்தப் பள்ளத்தோடுதான் மல்லுக்கட்டுகிறார்கள். இவ்வளவையும் அழகாக விளக்கிவிட்டு, கட்டைவிரலை வைத்துக் காட்டுவார் என்று நாம் எதிர்பார்க்கும் நேரத்தில், "இருந்தாலும்" என்று சொல்லிப் பையைத் திறப்பார்.

பிரசங்கத்தின் இரண்டாம் பாதி சரித்திரம். 1888-இல் டன்லப் காற்றடித்த டயருக்குக் காப்புரிமை வாங்கினார். அந்தக் காலத்து டயரை ரிம்மோடு ஒட்டி வைத்திருப்பார்கள். ஒரு பஞ்சர் பார்க்க மணிக்கணக்காகும், அப்புறம் பசை காயக் காத்திருக்க வேண்டும். மிஷ்லின் சகோதரர்கள் கழற்றி மாட்டும் டயரைக் கொண்டுவந்தார்கள். 1891-இல் பாரிஸிலிருந்து பிரெஸ்ட் போய்த் திரும்பும் பந்தயத்தில், ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர், ஷார்ல் தெரோன் அந்த டயரோடு ஓட்டி ஜெயித்தார். மறு வருஷம் மிஷ்லின்காரர்கள் தாங்களே ஒரு பந்தயம் வைத்து, வழியில் ஆணியைத் தூவிவிட்டார்கள் என்று சொல்வார்கள். எல்லாருக்கும் பஞ்சராகட்டும், எவ்வளவு சுலபமாகச் சரி செய்யலாம் என்று உலகம் பார்க்கட்டும் என்பதற்காக. இந்த இடத்துக்கு வந்ததும் நம்மவர் முகத்தில் ஒரு பிரகாசம் தோன்றும். பின்னால் வருகிற நாங்கள் சாலையைக் கொஞ்சம் கவனமாகப் பார்த்து ஓட்ட ஆரம்பிப்போம்.

ஒரு ஞாயிறு முட்டுக்காடு பாலத்தைத் தாண்டியதும் அவருக்கு அதிர்ஷ்டம் அடித்தது. யாரிடமோ இரவல் வாங்கிய சைக்கிளில் வந்திருந்த ஒரு கல்லூரிப் பையன். பின்சக்கரம். முன்சக்கரத்தைவிடப் பின்சக்கரப் பஞ்சரை நம்மவர் மதிப்பார்; செயின், கியர் எல்லாம் குறுக்கே வருமல்லவா. துண்டை விரித்தார். லீவர்களை வரிசையாக அடுக்கினார். மூன்றையும் பையனிடம் காட்டி, "எதுல போகலாம்?" என்று கேட்டார். பையன் நீலத்தைக் காட்டினான். "தப்பு" என்றார்.

டயர் கழன்றது. கம்பி கிடைத்தது. ஓட்டைக்கு நேராகப் பேனாவால் பெருக்கல் குறி போட்டார். உப்புத்தாளை எடுத்துப் பளபளப்புப் போகும்வரை தேய்த்தார். ரெமா டிப் டாப்பின் பச்சைப் பெட்டியிலிருந்து, ஓரம் சிவந்த ஒட்டு ஒன்றை எடுத்து வைத்தார். சொல்யூசன் டியூபைத் திறந்து பிதுக்கினார். ஒன்றும் வரவில்லை. அடியிலிருந்து சுருட்டிக்கொண்டு வந்து பிதுக்கினார். கொஞ்சம் காற்று வந்தது.

எத்தனை கருவி இருந்தாலும் எல்லாப் பைகளிலும் இந்த ஒன்று உலர்ந்துதான் கிடக்கும். ஒருமுறை திறந்த சொல்யூசன், மூடியை எவ்வளவு இறுக்கினாலும், சொல்லாமல் கொள்ளாமல் ஆவியாகிவிடும். நம்மவர் அதை எப்போது திறந்தார் என்று கேட்டோம். வாங்கிய அன்று, வாசனை பார்க்க.

சொல்யூசன் இல்லாமல் ஒட்டுகிற ஒட்டு அவரிடம் இருந்தது. ஆனால் அது "தற்காலிகம்" என்றார். வேறு டியூப் இருக்கிறதா என்றால், இருந்தது, அவர் சைக்கிள் அளவுக்கு. பையனுடையது இரண்டு மடங்கு அகலம். என்னைக் கேட்டால் வழியில் ஒட்டிக்கொண்டு உட்காருவதே வேண்டாத வேலை. சக்கரத்துக்கேற்ற மாற்று டியூப் ஒன்று, லீவர் இரண்டு, கைப்பம்பு ஒன்று போதும். டியூபை மாற்றிக்கொண்டு வீட்டுக்குப் போய் சாவகாசமாக ஒட்டலாம். இதை நம்மவரிடம் சொன்னால், "அப்புறம் எதுக்கு சார் சைக்கிள்?" என்பார்.

கூட்டம் கிளம்பிப் போய்விட்டது. பையனும் அவரும் நானும் கோவளம் வரை தள்ளிக்கொண்டு போனோம். சாலையோரம் ஒரு டயரை மாட்டித் தொங்கவிட்ட பஞ்சர் கடை. பெரியவர் அப்போதுதான் கடை திறந்து, தண்ணீர்த் தொட்டியை நிரப்பிக்கொண்டிருந்தார். நம்மவர் துண்டில் சுற்றியிருந்த லீவர்களைப் பார்த்ததும் குடத்தைக் கீழே வைத்துவிட்டார்.

"இன்னா சார் இது, பிளாஸ்டிக்கா?"

"நைலான்ணே. உள்ள ஸ்டீல்."

பெரியவர் வாங்கி வளைத்துப் பார்த்தார். முகர்ந்தும் பார்த்தார். பிறகு உள்ளே போய், எண்ணெய்த் துணியில் சுற்றிய ஒன்றைக் கொண்டுவந்து பிரித்தார். கம்பி பிரேக் வைத்த பழைய சைக்கிளின் ராடை நெருப்பில் காட்டி, தட்டி, நுனியை அரத்தால் ராவி அவரே செய்த பட்டை. "28 இஞ்ச் டயர் எத்தனி கழட்டியிருக்கு தெரியுமா? ஒரு டியூப கடிச்சதில்ல. நுனிய எப்படி ராவியிருக்கேன் பாரு. உருண்டையா இருக்கணும். மொனை இருந்தாத்தான் கடிக்கும்."

நம்மவர் நுனியைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். எங்கள் ஒருவரிடமும் இவ்வளவு நாளாகக் கிடைக்காத பேச்சுத்துணை அவருக்குக் கிடைத்துவிட்டது. வளைவு எத்தனை இருக்க வேண்டும், ஸ்போக்கில் மாட்டி நிறுத்துகிற கொக்கி அவசியமா, பட்டையின் அகலம் ஒரு விரலா ஒன்றரை விரலா என்று இருவரும் முக்காலியில் உட்கார்ந்துவிட்டார்கள். டீ வந்தது. கடைக்கு ஒரு மீன்கூடைச் சைக்கிள்காரர் வந்து, கொஞ்ச நேரம் நின்று, தானே பம்பை எடுத்துக் காற்றடித்துக்கொண்டு போனார்.

கடைசியில் பண்டமாற்று நடந்தது. நம்மவர் மூன்று ரகத்திலும் ஒவ்வொரு ஜோடி கொடுத்தார், பெரியவர் அந்த ஒற்றை இரும்பைக் கொடுத்தார். யார் யாரை ஏமாற்றினார் என்று என்னால் சொல்ல முடியவில்லை; இருவர் முகத்திலும் அந்தச் சந்தேகம் ஒரே அளவில் இருந்தது.

"சார், என் டியூபு..." என்றான் பையன்.

பெரியவர் அப்போதுதான் அவனைப் பார்த்தார். பழைய டியூபிலிருந்து ஒரு துண்டு வெட்டி, அரத்தில் ராவி, சொல்யூசன் தடவி, அது மங்கிக் காயும்வரை ஒரு பீடி பிடித்துவிட்டு ஒட்டினார். டயரை மாட்ட லீவர் எதையும் தொடவில்லை. விளிம்பைப் பள்ளத்தில் இறக்கிக் கட்டைவிரலால் ஏற்றினார். காற்றடிக்கும்போதுதான் தடங்கல். பையனின் சைக்கிளில் மெல்லிய பிரஸ்டா வால்வு. கடைப் பம்பின் வாய் அதற்குப் பொருந்தாது. நம்மவர் பையின் அடியில் துழாவி ஒரு பித்தளைத் திருகை எடுத்து வால்வின் தலையில் மாட்டினார். சுண்டுவிரல் நகத்தளவு. பம்பு பொருந்திக்கொண்டது. பையிலிருந்த அத்தனை சாமானிலும் விலை குறைந்ததும், கனமே இல்லாததும், அன்று வேலை செய்ததும் அதுதான். அதை அவர் ஒரு பொருட்டாகவே நினைக்கவில்லை. கையெல்லாம் புது இரும்பின் எண்ணெய்.

அதற்கடுத்த ஞாயிறிலிருந்து பிளாஸ்டிக்கைப் பற்றி அவர் பேசுகிற பேச்சு சகிக்கவில்லை. இரும்பின் பெருமையைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. "கனமா இருக்காதா சார்?" என்று ஒருவர் கேட்டதற்கு, கனம் இருந்தால்தான் கைக்கு நிதானம் வரும் என்றார். ஆனால் அந்த இரும்பை வைத்து இன்னும் ஒரு டயர்கூடக் கழற்றவில்லை. வாரா வாரம் மாமல்லபுரம் போகிறோம், வருகிறோம்; ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. மனிதர் இளைத்துவிட்டார்.

போன வாரம் உத்தண்டி சுங்கச்சாவடி தாண்டியதும் என் பக்கத்தில் வந்தார். கொஞ்ச தூரம் பேசாமல் மிதித்தார். பிறகு என் பின்சக்கரத்தைக் குனிந்து பார்த்துவிட்டு, ரொம்பப் பிரியமாகக் கேட்டார்:

"காத்து கொஞ்சம் கம்மியா இருக்கிற மாதிரி இல்ல?"