பெயரில் குறையில்லை

2009-இல், இலங்கையில் போர் முடிகிற நேரத்தில், வவுனியா செட்டிக்குளத்துக்குப் பக்கத்தில் காட்டை வெட்டி, இடம்பெயர்ந்த சனங்களுக்காக ஒரு நகரமே முளைத்தது. மெனிக் பாம். தறப்பாளும் தகரமும்தான் வீடு, சுற்றிவர முட்கம்பி. முகாம் என்று சொல்லிவிடக் கூடாது, 'நலன்புரிக் கிராமம்' என்பதே மரியாதையான பெயர். நலம் விசாரிக்க வந்த உறவுகள் கம்பிக்கு வெளியே நின்றே விசாரித்தார்கள்.

வலயங்களுக்குப் பெயர் வைத்தவரைப் பாராட்டத்தான் வேண்டும். கதிர்காமர், இராமநாதன், ஆனந்த குமாரசுவாமி, அருணாசலம்: எல்லாரும் தமிழ்ப் பெருமக்கள். 1901-இல் இலங்கையின் குடிசன மதிப்பீட்டை நடத்தியவர் அருணாசலம். அவர் பெயரிலேயே ஒரு வலயத்தை வைத்துச் சனங்களைத் தலை எண்ணினார்கள். குமாரசுவாமி சிவ நடனம் பற்றி எழுதியவர். மழை பெய்தால் ஒழுகும் கூடாரத்துக்குள் பாயைச் சுருட்டிக்கொண்டு மூலைக்கு மூலை ஆடியதையும் அதில் சேர்த்திருப்பாரோ என்னவோ.

தற்காலிகம் என்றார்கள், மூன்று வருடம் ஓடியது. 2012 செப்டெம்பரில் கடைசிக் குடும்பங்களையும் ஏற்றி அனுப்பிவிட்டு மூடினார்கள். அவர்களில் கேப்பாப்புலவு என்ற ஊர்க்காரருக்கு ஊரில் காணி இருந்தது. காணிக்குள் இராணுவமும் இருந்தது. ஆகவே சீனியாமோட்டையில் இறக்கிவிட்டார்கள். மறுபடியும் தறப்பாள், மறுபடியும் தகரம். பழகிய கை என்பதால் கொட்டில் போட அதிக நேரம் பிடித்திருக்காது.