கேள்வி பிறந்தது துறைமுகத்தில்

உவர்மலை வாசகர்: பாரிசில், நியூயோர்க்கில் எல்லாம் புதுமைக் கலைஞர் குழுக்கள். திருகோணமலையில் ஒன்றுகூட இல்லையே?

ஒரே ஆளில் ஒரு குழுவைத் தந்த ஊர் ஐயா இது! 1939இல் இங்கே பிறந்த தர்மு சிவராமுவின் கவிதை, 1960இலேயே கடல் கடந்து சி.சு. செல்லப்பாவின் ‘எழுத்து’ இதழில் வந்துவிட்டது. ஆள் பிறகுதான் தமிழ்நாட்டுக்குப் போனார். ஓவியமும் தீட்டினார். எண்சோதிடம் பார்த்துப் பிரமிள், பானுசந்திரன், அரூப் சிவராம் என்று பெயரை மாற்றிக்கொண்டே இருந்தார். எந்தக் குழுவோடும் ஒத்துப்போகவில்லை. அவருடைய பெயர்களைக் கூட்டினாலே ஒரு குழு தேறும்.

சீனக்குடா வாசகர்: இலங்கையில் உண்மையான குழு எது?

’43 குழு. 1942 ஏப்ரல் 9இல் யப்பான் விமானங்கள் உங்கள் சீனக்குடாவில் குண்டு போட்டன அல்லவா? அடுத்த வருடம் ஓகஸ்டில், யுத்தம் முடியாத நேரத்தில், கொழும்பில் புகைப்படக் கலைஞர் லயனல் வென்ட் வீட்டில் ஓவியர்கள் கூடினார்கள். ஜோர்ஜ் கீற், ஐவன் பீரிஸ், ஜஸ்ரின் தரணியகல எல்லோரும் பெரிய பெயர்கள். எனக்குப் பிடித்தவர் ஜோர்ஜ் கிளாசன். துறைமுக ஆணைக்குழுவில் படவரைஞர். ஓவியம் யாரிடமும் படிக்காதவர். வேலையில் அளவுகோல் பிடித்த அதே கை, பின்னாளில் உருவமே இல்லாத ஓவியங்களுக்குப் போனது. துறைமுகத்துக் கந்தோர்க்காரர்கள் கவனிக்க!

டொக்யார்ட் வீதி வாசகர்: மனதில் வந்ததை அப்படியே கொட்டினால் கலையாகுமா?

1924இல் பிரெஞ்சுக் கவிஞர் அந்திரே பிரெத்தோன் அப்படித்தான் பிரகடனம் செய்தார்: அறிவைக் காவலுக்கு வைக்காமல் எழுது என்று. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ’43 குழுவின் மஞ்சுசிறி, பிக்குவாக இருந்தவர், விகாரைச் சுவரோவியங்களைப் பார்த்துப் பார்த்துப் பிரதி எடுத்தவர். கடற்கரையில் வீச்சுவலைக்காரரைப் பாருங்கள். வலை ஒரு நொடியில் வட்டமாக விரிகிறது. எத்தனை வருடம் சிக்கெடுத்தார் என்று அவரிடமே கேளுங்கள்.

கிண்ணியா வாசகர்: நாங்கள் நால்வர் குழு தொடங்குகிறோம். தலைவர் யார் என்பதில்தான் இழுபறி.

தலைவர், செயலாளர், பொருளாளர் வந்தால் அது சனசமூக நிலையம். முதலில் ஆளுக்கு ஒரு படம் வரைந்து கொண்டுவாருங்கள்.

அதே வாசகர்: சண்டை வந்தால்?

வராவிட்டால் எழுதுங்கள், யோசிப்போம்.

பாலையூற்று வாசகி: ’43 குழுவின் படங்களை இப்போது பார்க்க முடியுமா?

முடியும், தங்கச்சி. கொழும்பு பார்ன்ஸ் பிளேசில் அந்தக் குழுவின் ஓவியர் ஹரி பீரிஸ் வாழ்ந்த வீடு இப்போது சபுமல் நிறுவனம். படங்கள் அங்கே சுவரில் தொங்குகின்றன. கிண்ணியா நால்வரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.