பொரளைச் சந்தியில் முக்காலமும் உணர்ந்தவர்

தேர்தல்கள் ஆணைக்குழுவின் அலுவலகம் இராஜகிரியவில் இருக்கிறது. பொரளையிலிருந்து பஸ் ஏறினால், கொண்டக்டர் மிச்சக் காசு தருவதற்குள் இறங்கவேண்டி வரும் தூரம். ஆனாலும் இந்த நாட்டின் தேர்தல் முடிவுகள் இராஜகிரியவில் பிறப்பதாக நம்புகிறவர்கள் அப்பாவிகள். அவை பிறக்குமிடம் பொரளைச் சந்திக்குக் கிட்ட உள்ள ஒரு தேத்தண்ணிக் கடையின் உள்மேசை. ஆணைக்குழு பாவம், வாக்குகளை ஒவ்வொன்றாக எண்ணித்தான் முடிவு சொல்ல வேண்டியிருக்கிறது. நம்மவருக்கு அந்தக் கஷ்டத்தைக் கடவுள் வைக்கவில்லை.

பெயர் சொல்லத் தேவையில்லை. வெள்ளவத்தையில் ஒருவர், கொட்டாஞ்சேனையில் ஒருவர் என்று கொழும்பு முழுக்க இந்தக் குலம் தழைத்திருக்கிறது. ‘மாஸ்டர்’ என்று கூப்பிட்டால் அத்தனை பேரும் திரும்பிப் பார்ப்பார்கள். அவர்களுக்குள் பொரளை மாஸ்டரே தலையாயவர் என்பதால் இந்தப் பாமாலை அவருக்கு.

முதலில் அவருடைய ஆயுதத்தைப் புகழவேண்டும். தடித்த அட்டை போட்ட சீஆர் கொப்பி ஒன்று. ஒவ்வொரு பக்கத்தையும் நடுவில் கோடிழுத்துப் பிரித்திருப்பார். இடப்பக்கம் அவருடைய கணிப்பு. வலப்பக்கம் ஆணைக்குழுவின் முடிவு. முடிவைப் பேனையால் எழுதுவார், கணிப்பைப் பென்சிலால். அழிறப்பர் எப்போதும் சட்டைப்பையில் இருக்கும். இரவு முழுக்க முடிவுகள் வர வர, விடியும்போது இரண்டு பக்கமும் அச்சொட்டாக ஒத்துப்போயிருக்கும். கருத்துக்கணிப்பு நடத்தும் படித்தவர்கள், ‘மூன்று சதவீதம் கூடலாம், குறையலாம்’ என்று தயங்கித் தயங்கிச் சொல்கிறார்கள். மாஸ்டரின் கொப்பியில் கூடியதுமில்லை, குறைந்ததுமில்லை.

முந்தி வருவதே முழுவதையும் சொல்லும் என்பது அவருடைய சாத்திரத்தின் முதல் சூத்திரம். 2024 செப்டெம்பர் 21 இரவு ஊரடங்கு போட்டுவிட்டதால் சீடர்களுக்குத் தரிசனம் வாட்ஸ்அப்பில் கிடைத்தது. இரத்தினபுரி மாவட்டத்தின் தபால் வாக்கு முடிவு முதலில் வந்தது. ஏறக்குறைய 60 சதவீதம் அநுர குமார திசாநாயக்கவுக்கு. உடனே மாஸ்டரின் குரல் பதிவு வந்து விழுந்தது: “எழுதி வையும் தம்பி, இது ஐம்பத்தைஞ்சுக்குக் கீழ போகாது. மிச்சத்தை எண்ணுறது சும்மா ஒரு சடங்கு.”

தபாலில் வாக்களிப்பவர்கள் அரச ஊழியர்களும் பொலிஸாரும் முப்படையினரும். ஒரு கோடியே 71 இலட்சம் வாக்காளரில் அவர்கள் ஏழு இலட்சத்துச் சொச்சம். தோட்டத்தில் கொழுந்து பறிப்பவருக்கும் மன்னாரில் வலை இழுப்பவருக்கும் தபால் வாக்கு இல்லை. இத்தகைய சில்லறை விஷயங்களால் மாஸ்டரின் பார்வை மங்குவதில்லை. மறுநாள் அநுரவின் கணக்கு 42.31 சதவீதத்தில் நின்றது. 1982 முதல் நடந்த ஜனாதிபதித் தேர்தல்களில் முதற் தடவையாக இரண்டாம் சுற்று எண்ணவேண்டி வந்தது. அடுத்த குரல் பதிவில் மாஸ்டர், “விருப்பு வாக்கில தான் விளையாட்டு இருக்கு எண்டு நான் அப்பவே சொன்னனான்” என்றார். எண்ணி முடித்தபோது விருப்பு வாக்குகளில் அநுரவுக்கு 1,05,264, சஜித் பிரேமதாசவுக்கு 1,67,867 சேர்ந்தன. முதலாவதாக இருந்தவர் முதலாவதாகவே இருந்தார். விளையாட்டு எங்கே போனது என்று கேட்கும் அளவுக்குச் சீடர்கள் மரியாதை கெட்டவர்கள் அல்ல.

இரண்டாவது சூத்திரம் எல்பிட்டிய. காலி மாவட்டத்திலுள்ள அந்தப் பிரதேச சபைக்கு வழக்கொன்றினால் தேர்தல் தள்ளிப்போய், 2019 ஒக்டோபர் 11ஆம் திகதி தனியாக நடந்தது. ஜனாதிபதித் தேர்தலுக்கு ஒரு மாதமும் சில நாட்களும்தான் இருந்தன. பொதுஜன பெரமுனவுக்கு 56 சதவீதம் விழுந்தது. மாஸ்டர் கோட்டாபய ராஜபக்ஷவுக்கு அன்றைக்கே முடிசூட்டினார்; நவம்பர் 16இல் நாடு 52.25 சதவீதத்தால் அதை வழிமொழிந்தது. அந்த ஒரு வெற்றியை வைத்து அவர் இன்றுவரை ப்ளேன்டீக்குக் காசு கொடுக்காமல் குடிக்கிறார். வென்றவர் 2022 ஜூலையில் நாட்டை விட்டே ஓடுவார் என்று அவர் சொல்லவில்லையே என்பார்கள் சிலர். வெல்லுவது யார் என்பதுதான் அவருடைய துறை. வென்ற பிறகு நாடு என்னவாகும் என்பது பெற்றோல் வரிசையில் நின்றவர்களின் துறை.

அதே எல்பிட்டியவில் 2019இல் அநுரவின் மக்கள் விடுதலை முன்னணிக்குக் கிடைத்தது 2 ஆசனம். அடுத்து வந்த ஜனாதிபதித் தேர்தலில் அநுரவுக்கு 3.16 சதவீதம். “அவையின்ர கதை முடிஞ்சுது” என்று மாஸ்டர் அந்தப் பக்கத்தில் பேனையாலேயே எழுதிவிட்டார். பிறகு அந்தப் பக்கம் எப்படியோ கிழிந்துபோயிற்று. மழைக்காலத்தில் கடதாசி பழுதாவது இயல்புதானே.

2024 ஒக்டோபர் 26இல் எல்பிட்டிய மறுபடியும் வாக்களித்தது. அநுரவின் தேசிய மக்கள் சக்திக்கு 30 ஆசனங்களில் 15. சரி பாதி. ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்று சொல்லி, மாஸ்டர் அந்த ஒரு சோற்றை நசுக்கிப் பார்த்து, பாராளுமன்றத்தில் பெரும்பான்மையே இழுபறி என்று அறிவித்தார். நவம்பர் 14இல் அவர்களுக்கு 225இல் 159 ஆசனங்கள் வந்தன. யாழ்ப்பாண மாவட்டத்திலும் அவர்களே முதலாவது. “அலை எல்பிட்டியவில் பதுங்கிப் பாய்ந்தது” என்று மாஸ்டர் விளக்கினார். இத்தனை அழகான விளக்கத்துக்காகவே கணிப்புகள் பிழைக்கலாம்.

எல்பிட்டியவில் மனிதர்கள் வாழ்கிறார்கள் என்பதை அவர் மறந்துவிட்டார் என்று குறை சொல்வது அநியாயம். அவருக்கு அது தெரியவே தெரியாது. அந்த மக்கள் தங்கள் பாதைக்கும் சந்தைக்கும் குப்பைக்கும் பொறுப்பானவர்களைத் தெரிவுசெய்யப் போனார்கள் என்ற எளிய செய்தி அவருடைய உயரத்துக்கு எட்டுவதில்லை.

உலக அரங்கிலும் அவர் சளைத்தவரல்ல. அமெரிக்காவில் ஒரு கட்சி தன் ஜனாதிபதி வேட்பாளரைத் தெரிவுசெய்ய மாநிலம் மாநிலமாக மாதக்கணக்கில் வாக்கெடுப்பு நடத்தும். நம் நாட்டில் அந்தச் செலவில்லை. பெரும்பாலும் ஒரு வீட்டின் வரவேற்பறையில் காரியம் முடிந்துவிடும். 2024 ஆகஸ்டில் பொதுஜன பெரமுனவுக்கு தம்மிக்க பெரேராதான் என்று ஊரே பேசிக்கொண்டிருக்க, அவர் போட்டியிட மறுத்த மறுநாள் நாமல் ராஜபக்ஷவின் பெயர் வந்ததை நாம் பார்த்தோம். ஆகவே மாஸ்டர் தன் பசிக்கு அயோவா மாநிலம் வரை போகிறார். 2016இல் அயோவாவில் டெட் குரூஸ் முதலாவதாக வந்ததும் டொனால்ட் ட்ரம்பைக் கழித்துவிட்டார். 2020இல் ஜோ பைடன் அயோவாவில் நான்காவது, நியூ ஹாம்ப்ஷயரில் ஐந்தாவது; “மனுசன் வீட்ட போய்ப் பேரப்பிள்ளையைப் பார்க்கலாம்” என்றார். இருவருமே ஜனாதிபதியானார்கள். இதில் மாஸ்டரின் தவறு எங்கே? அவர் சொன்னதை அமெரிக்கர்கள் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

எதிர்காலத்தை மட்டும் கணிப்பவர் என்று அவரைச் சுருக்கிவிடவும் கூடாது. நடந்து முடிந்த தேர்தல்களையும் கணிப்பார். 2005 நவம்பர் ஜனாதிபதித் தேர்தலில் வடக்கு வாக்களிப்பிலிருந்து ஒதுக்கி வைக்கப்பட்டது. யாழ்ப்பாண மாவட்டத்தில் நூற்றுக்கு இரண்டு பேர்கூட வாக்குச் சாவடிக்குப் போகவில்லை. மஹிந்த ராஜபக்ஷ ரணில் விக்கிரமசிங்கவை வென்றது ஒரு இலட்சத்து எண்பதாயிரம் வாக்குகளால். “யாழ்ப்பாணம் போட்டிருந்தா ரணில் தான்” என்று மாஸ்டர் இன்றும் மேசையில் தட்டிச் சொல்கிறார். அந்தத் தேர்தலில் ரணில் அவரிடம் வெல்லாத நாளே இல்லை.

ஆனால் மாஸ்டரின் பெருமையை அவர் ஒருவரோடு நிறுத்துவது நன்றிகேடு. அவருக்கு ஒரு குருபரம்பரை உண்டு. ஆதிகுரு ஜே.ஆர். ஜயவர்தன. 1982 ஒக்டோபர் 20இல் 52.91 சதவீதத்தால் ஜனாதிபதியானவுடன் அவர் கணக்குப் போட்டுப் பார்த்தார். 1977இல் 168 ஆசனங்களில் 140ஐ அள்ளிய கட்சிக்கு, விகிதாசார முறையில் பொதுத்தேர்தல் வைத்தால் அந்த அசுரப் பெரும்பான்மை மிஞ்சாது என்பது தெரிந்தது. சாதாரண கணிப்பாளன் முடிவைச் சொல்லிவிட்டுத் தேர்தலுக்காகக் காத்திருப்பான். மகாகுரு முடிவைத் தெரிந்துகொண்டு தேர்தலையே நிறுத்தினார். டிசெம்பர் 22இல் ஒரு சர்வசன வாக்கெடுப்பு வைத்து, பழைய பாராளுமன்றத்தையே இன்னும் ஆறு வருடம் ஓட்டினார். முன்கூட்டிய கணிப்பின் உச்சம் அது.

அடுத்தவர் மஹிந்த. 2008 மே மாதம் கிழக்கில் தொடங்கி 2009 ஒக்டோபரில் தெற்கில் முடியும் வரை, மாகாண சபைத் தேர்தல்களை ஒரே நாளில் வைக்காமல் துண்டு துண்டாக வைத்தார். ஒவ்வொரு துண்டிலும் வெற்றி, ஒவ்வொரு வெற்றிக்கும் பால்சோறு, கடைசியில் 2010 ஜனவரியில் 57.88 சதவீதம். அதே வித்தையை 2014 செப்டெம்பரில் ஊவாவில் காட்டியபோது, 72 சதவீதமாக இருந்தது 51ஆக இறங்கியது. இன்னும் இறங்குவதற்குள் முந்திக்கொள்ள நினைத்து, பதவிக்காலம் இரண்டு வருடம் மிச்சமிருக்க ஜனாதிபதித் தேர்தலை அழைத்தார். நாள் நட்சத்திரம் பார்த்துக் கொடுக்கச் சோதிடர் சுமனதாச அபேகுணவர்தன பக்கத்திலேயே இருந்தார். 2015 ஜனவரி 8இல் மைத்திரிபால சிறிசேன வென்றார். கிரகங்கள் பிழையல்ல, வாக்காளர்கள் பஞ்சாங்கம் பார்க்காமல் வந்துவிட்டார்கள்.

மூன்றாமவர் ரணில். 2023 மார்ச்சில் நடக்கவேண்டிய உள்ளூராட்சித் தேர்தலுக்குப் பணமில்லை என்று அவருடைய அரசாங்கம் கைவிரித்தது. பணம் இல்லையென்றதை நம்பாதவர்களும், அரசாங்கத்துக்கு வாக்கு இல்லையென்பதை நம்பினார்கள். 2024 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அதை அடிப்படை உரிமை மீறல் என்று தீர்ப்பளித்தது. நீதிபதிகளுக்குக் கணிப்புக் கலையில் அவ்வளவு ரசனை இல்லை.

ஒருவழியாக 2025 மே 6இல் அந்தத் தேர்தல் வந்தது. கொழும்பு மாநகர சபையும் அதில் ஒன்று. தேத்தண்ணிக் கடைக்கு முன்னால் ஓடுகிற, அல்லது ஓடவேண்டிய, கானுக்குப் பொறுப்பு அந்தச் சபைதான். மழை பெய்தால் அதன் கறுத்த தண்ணீர் படியேறி உள்மேசை வரை வரும். மாஸ்டர் காலைத் தூக்கிக் கதிரையில் வைத்துக்கொண்டு தொடர்ந்து கணிப்பார். அந்த வாரம் வட்டார வேட்பாளர்கள் இரண்டு பேர் துண்டுப்பிரசுரத்தோடு கடைக்குள் வந்தார்கள். மாஸ்டர் அதை வாங்கி, பின்பக்கம் வெறுமையாக இருந்ததால், 2029 ஜனாதிபதித் தேர்தலுக்கு மாவட்ட வாரியாக ஒரு கணக்குப் போட்டார். முன்பக்கத்தில் கானைப் பற்றி ஏதோ இருந்தது.

முடிவில் தேசிய மக்கள் சக்திக்கு மாநகர சபையின் 117 ஆசனங்களில் 48 கிடைத்தது. நாடு முழுக்கப் பார்த்தால் ஆறு மாதத்துக்கு முன் 61 சதவீதமாக இருந்தது 43ஆகியிருந்தது. “சரிவு தொடங்கிட்டுது” என்றார் மாஸ்டர். அவருடைய வட்டாரத்தில் வென்றவர் யார் என்று கடை முதலாளி கேட்டார். “உள்ளூர் விஷயமெல்லாம் நான் பார்க்கிறேல்லை ஐயா” என்று பெருந்தன்மையோடு சொல்லிவிட்டார்.

இப்படிப்பட்டவரால் நாட்டுக்கு விளைந்த நன்மையைக் கணக்கிட முடியாது. சின்னத் தேர்தல் ஒவ்வொன்றும் பெரிய தேர்தலுக்கு நாடி பார்க்கத்தான் என்று ஊருக்கெல்லாம் கற்பித்தவர்கள் அவரும் அவருடைய குலத்தாரும். பத்திரிகைகள் கற்றன, தொலைக்காட்சிகள் கற்றன, எல்லோரையும் விட நன்றாக அரசாங்கங்கள் கற்றன. நாடி தளர்ந்திருக்கும் என்று சந்தேகம் வந்தால் கையை நீட்டாமல் இருப்பதே புத்தி என்று அவை தெரிந்துகொண்டன. ஒன்பது மாகாண சபைகளின் காலமும் 2017க்கும் 2019க்கும் இடையில் ஒவ்வொன்றாக முடிந்தது. எல்லை நிர்ணயம், புதிய முறை, பழைய முறை என்று காரணங்கள் மாறின, ஆட்சிகளும் மாறின.

மாஸ்டரிடம் எதையும் கேட்கலாம். 2029இல் யார், 2034இல் யார், அயோவாவில் யார், எல்லாவற்றுக்கும் கொப்பியில் விடை உண்டு. இலங்கையில் கடைசியாக மாகாண சபைத் தேர்தல் ஒன்று நடந்தது 2014 செப்டெம்பர் 20இல், ஊவாவில். அதற்குப் பின் பத்து வருடங்களுக்கு மேல் இன்னொன்று நடக்கவில்லை; சபைகளின் காலம் முடிய முடிய மாகாணங்களை ஆளுநர்கள் ஆண்டார்கள். அந்த வருடங்கள் எதிலும் அடுத்த தேர்தல் எப்போது என்று அவரிடம் யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.