ரேடியோ நெல்

கேள்வி: ஆன்லைன் வகுப்பில் 60 பேர் இருக்கிறார்கள். எல்லார் கேமராவும் மூடியிருக்கிறது. 'புரிகிறதா?' என்றால் கிணற்றில் கல் போட்ட மாதிரி நிசப்தம். என்ன செய்ய?
- புள்ளியியல் ஆசிரியை, பாபநாசம்

பதில்: முகம் தெரியாதது ஒரு குறையா, டீச்சர்? 1960களில் நம் தஞ்சை விவசாயிகளுக்குத் திருச்சி வானொலி பாடம் எடுத்ததே! கேமரா கிடையாது, அட்டென்டன்ஸ் கிடையாது. ஆடுதுறை 27 என்ற குறுவை ரகத்தைப் பற்றி அது சொல்லச் சொல்ல, ஜனங்கள் நட்டுத் தள்ளினார்கள். கடைசியில் நெல்லுக்கே 'ரேடியோ நெல்' என்று பெயர் வந்துவிட்டது. எந்த வாத்தியாருக்குக் கிடைக்கும் இந்தப் பட்டம்?

காரணம், காலையில் கேட்டதை மாலையில் வயலில் செய்து பார்க்க முடிந்தது. மதிப்பெண்ணும் களத்துமேட்டில் கலக்கணக்கில் விழுந்தது. 1956-ல் புனே பக்கத்துக் கிராமங்களில் இன்னொன்றும் செய்தார்கள்: வானொலியைக் கூட்டமாகக் கேட்டு, முடிந்ததும் விவாதித்து, சந்தேகங்களை நிலையத்துக்கே எழுதி அனுப்பினார்கள்.

நீங்களும் பத்து நிமிஷத்தில் பேச்சை நிறுத்துங்கள். நாலு நாலு பேராகப் பிரித்து, கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால் நெல்லை வாங்க ஏன் மறுக்கிறார்கள், எத்தனை மூட்டையில் மாதிரி எடுத்தால் நியாயம் என்று கணக்குப் போடச் சொல்லுங்கள். பாதிப் பேர் வீட்டில் அந்த மூட்டை தார்ப்பாய்க்கடியில் நனைந்துகொண்டிருக்கும். அப்புறம் மியூட் பட்டனைத் தேடப் போவது நீங்கள்தான்.