ஈரத்துணியின் வீச்சுத்தளம்: குறுக்குத்துறையை முன்வைத்து ஓர் ஆய்வு

ஆய்வின் தேவை

தாமிரபரணியைப் பற்றி எழுதாதவர் இல்லை. பொதிகையில் பிறப்பது, எட்டு அணைக்கட்டுகள் வழியே வயலுக்குப் படியளப்பது, புன்னைக்காயலில் கடலைச் சேர்வது எல்லாம் பதிவாகிவிட்டன. அதன் படித்துறைகளில் துணி எந்தக் கோணத்தில் கல்லுக்கு வந்து சேர்கிறது என்பது மட்டும் கவனிப்பாரற்றுக் கிடந்தது. அறிவுலகின் இந்த ஓட்டையை அடைக்க, இவ்வாய்வாளர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஆற்றில் இறங்கினார்.

முன்னாய்வுகள்

ஓங்கி வீசுவது பற்றிய அறிவு கோல்ஃப்காரர்களிடமே குவிந்திருக்கிறது. 1829-ல் கல்கத்தாவிலும் 1895-ல் கொடைக்கானலிலும் கிளப் கண்ட ஆட்டம் அது. பந்திலிருந்து தோள்வரை ஒரு கண்ணாடிப் பலகை சாய்ந்து கிடப்பதாகவும், ஆட்டக்காரரின் தலை அதன் ஓட்டை வழியே நீட்டிக்கொண்டிருப்பதாகவும் நினைத்துக்கொள்ளச் சொன்னார் கோல்ஃப் வீரர் பென் ஹோகன், 1957-ல் வந்த தம் நூலில். மட்டையை ஓங்கும்போது கை அந்தக் கண்ணாடியை உடைக்கக் கூடாது. அந்தச் சாய்வே வீச்சுத்தளம். 1968-ல் காக்ரனும் ஸ்டாப்ஸும் தங்கள் நூலில் கோல்ஃப் வீச்சை இரட்டை ஊசலாக விளக்கினார்கள்: கை ஓர் ஊசல், அதன் நுனியில் தொங்கும் மட்டை இன்னோர் ஊசல். துவைகல் மூவர் கண்ணிலும் படவில்லை.

களமும் கருவிகளும்

களம், ஆற்றுக்குள்ளேயே முருகன் கோயில் கொண்டிருக்கும் குறுக்குத்துறை. கருவிகள்: துவைகல் ஒன்று, எட்டு முழ வேட்டி ஒன்று, ஈரிழைத் துண்டு ஒன்று, சட்டை ஒன்று. நெறியாளர்: இவ்வாய்வாளரின் ஆச்சி.

கண்டறிந்தவை

ஒன்று: நீளம் கூடினால் தளம் படுக்கும். கோல்ஃபில் டிரைவர் என்ற நீண்ட மட்டையின் தண்டு தரையோடு ஏறக்குறைய 58 பாகையில் சாய்கிறது; வெட்ஜ் என்ற குட்டை மட்டை 64 பாகையை ஒட்டி நிமிர்கிறது. நம் களத்திலும் துண்டு உச்சந்தலைக்கு மேலிருந்து நேராக இறங்கியது; வேட்டியோ தோளைச் சுற்றிப் படுத்து வந்தது. நெறியாளர் அதை நான்காக மடித்துக் கொடுத்ததும் அதுவும் நிமிர்ந்துகொண்டது.

இரண்டு: கை அடங்கினால்தான் துணி பாயும். ஈரத்துணியைச் சுழற்றும்போது நீர் நுனிக்கு ஓடி, எடை அங்கே கூடுகிறது. மட்டைத் தலையின் வேலையை அது பார்க்கிறது. கல்லுக்குச் சற்று முன்னால் கையின் வேகம் குறைய, அந்த வேகம் நுனிக்குப் போய்ச் சேர்கிறது. கடைசிவரை கையாலேயே தள்ளினால் 'சொத்'; விட்டுக்கொடுத்தால் 'பளார்'. நெறியாளர் திரும்பிப் பார்க்காமல் ஓசையை வைத்தே மதிப்பெண் போட்டார்.

மூன்று: தோள் முந்தினால் பாதை கோணும். பந்து கிளம்பும் திசையைப் பெரும்பாலும் மட்டையின் முகம் தீர்மானிக்கிறது. அந்த முகமும் வீச்சின் பாதையும் ஒத்துப்போகாதபோது பந்து காற்றில் வளைகிறது. துணிக்கு முகம் கிடையாது. பக்கத்துப் படியில் இருப்பவருக்கு உண்டு. தோள் முந்தியபோது சோப்பு நுரை முழுவதும் அங்கேதான் போயிற்று. இவ்விடத்தில் இரு மரபுகளும் பிரிகின்றன: பந்து தப்பினால் கோல்ஃபில் அடித்தவர் 'ஃபோர்!' என்று கத்த வேண்டும். குறுக்குத்துறையில் பட்டவர் கத்துகிறார். கத்தியதன் முழு வாசகம் ஆய்வு நாகரிகம் கருதித் தவிர்க்கப்படுகிறது.

விதிவிலக்கு

இதே ஆற்றின் கரையிலுள்ள பாபநாசத்தில் பரிகாரத்துக்கு வருகிறவர்கள் துணியை ஆற்றிலேயே விட்டுவிட்டுப் போகிறார்கள். பிடியை இறுக்காதே என்ற கோல்ஃப் பாடத்தின் முற்றிய நிலையாக இதைக் கருதலாம். ஆறு அப்படிக் கருதவில்லை.

விவாதம்

இத்தனையையும் எடுத்துரைத்தபோது நெறியாளர் சொன்னது: "ஏல, கையப் பாத்தா அடிக்க? கல்லப் பாத்து நில்லு. துணி தன்னால வரும்." ஹோகனின் பலகையும் பந்தில்தான் தொடங்குகிறது, பந்து நகர்ந்தால் பலகையும் நகரும். ஆகவே வீச்சுத்தளம் கையில் பிறப்பதில்லை, காலை ஊன்றும் இடத்தில் பிறக்கிறது என்பது இவ்வாய்வின் துணிபு.

முடிவு

சொன்னபடி நின்று இவ்வாய்வாளர் சட்டையை ஓங்கினார். தளம் சரி, ஓசை 'பளார்'. பொத்தான் இரண்டு ஆற்றோடு போயின. தொலைந்த பந்தைத் தேட 2019 முதல் கோல்ஃப் விதி தரும் அவகாசம் 3 நிமிடம். நெறியாளர் தந்த அவகாசம், பொத்தான் கிடைக்கிற வரை.